நமீபியாவா, போட்ஸ்வானாவா? சென்னையிலிருந்து சஃபாரி போகிறவர்களுக்கு ஓர் அலசல்

ஆப்பிரிக்கா, சஃபாரி என்று சொன்னதும் சென்னைப் பயண முகவர்கள் பெரும்பாலும் கென்யாவின் மசாய் மாராவைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அங்கே விலங்குகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு சிங்கத்தைச் சுற்றி வேன்கள் வரிசைகட்டி நிற்கும் காட்சியும் அங்கே சாதாரணம். கூட்டத்திலேயே ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள், விடுமுறைக்கும் கூட்டத்தைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் 26,000 பேருக்கு மேல் வசித்தார்கள். நமீபியாவில் அதே பரப்பில் சுமார் 4 பேர். போட்ஸ்வானாவிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல் பெரிய நாடு நமீபியா. 2023 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 30 லட்சத்தைச் சற்றே தாண்டியது. போட்ஸ்வானா நான்கு மடங்குக்கு மேல் பெரியது. 2022 கணக்கெடுப்பில் 24 லட்சம் பேர்கூட இல்லை. இரண்டும் அண்டை நாடுகள். இரண்டிலும் யானை, சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் உண்டு. இரண்டிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள். பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

விலங்குப் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். அந்தப் பரந்த வெற்றுவெளியை யார் கடக்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. நமீபியாவில் நீங்களே ஸ்டியரிங்கைப் பிடித்துக் கடக்கிறீர்கள். போட்ஸ்வானாவின் சிறந்த பகுதிகளில் சிறு விமானமும் வழிகாட்டியும் உங்களை அழைத்துக்கொண்டு கடக்கிறார்கள்; அதற்கான விலையும் வாங்கிக்கொள்கிறார்கள். பணம், காலம், சாப்பாடு, குழந்தைகள், வயதான பெற்றோர் என்று வீட்டில் எழும் மற்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

சரளைச் சாலையும் சிறு விமானமும்

நமீபியாவின் முக்கிய நெடுஞ்சாலைகள் தார்ச் சாலைகள். அவற்றை விட்டு இறங்கினால் சரளைச் சாலைதான். தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து சோசஸ்ஃப்ளை மணல்மேடுகளுக்கு வாசலான செஸ்ரியம் வரை 300 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்ட் சுமார் 350. எட்டோஷா தேசியப் பூங்கா விண்ட்ஹூக்கிலிருந்து வடக்கே 400 கிலோமீட்டருக்கு மேல். தூரத்தைப் பார்த்துச் சென்னை–திருச்சிக் கணக்குப் போட்டுவிடக் கூடாது. சரளையில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் வளைவில் சக்கரம் வழுக்கும், வண்டி உருளும். அங்கே சுற்றுலாப் பயணிகள் விபத்தில் சிக்குவதற்குப் பெரும்பாலும் எதிரே வரும் வண்டி காரணமாக இருப்பதில்லை. காலியான சாலை தரும் துணிச்சல்தான் காரணம். இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது. குடு மான், ஓரிக்ஸ் போன்ற கனத்த உடம்புள்ள விலங்குகள் எந்த நொடியும் குறுக்கே பாயும்.

வாடகை வண்டி எடுக்கும்போது இரண்டு உதிரிச் சக்கரங்கள் கேளுங்கள். டயருக்கும் முன்கண்ணாடிக்கும் சேர்த்துக் காப்பீடு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சரளைக் கல் முதலில் பதம் பார்ப்பது அவற்றைத்தான். கூரைமேல் கூடாரம் பொருத்திய நான்கு சக்கர இயக்க வண்டி கிடைக்கும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு வண்டியும் படுக்கையும் ஒன்றாகவே முடிந்துவிடும். பெட்ரோல் நிலையம் எங்கே கண்ணில் பட்டாலும் நிரப்பிக்கொள்ள வேண்டும். இங்கே கிளம்பும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும். வீட்டில் நிதானமாக ஓட்டக்கூடியவர்கள் இருவராவது இருந்தால்தான் நமீபியாவைச் சொந்தமாக ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

போட்ஸ்வானாவிலும் சொந்தமாக ஓட்டலாம். மொரேமி, க்வாய், சாவுட்டி என்ற வனவிலங்குப் பகுதிகள் வழியாக வண்டியிலேயே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஆழ்மணலும் ஆற்றுக் குறுக்கல்களும் நிறைந்த பாதை. முகாம்களுக்கு வேலி கிடையாது, இரவில் கழுதைப்புலி கூடாரங்களுக்கு நடுவே நடந்து போகும். மணலில் டயர் காற்றை எவ்வளவு இறக்குவது, சிக்கிய வண்டியை எப்படி மீட்பது என்று தெரியாதவர்களுக்கு இது முதல் பயணமாக இருக்கக் கூடாது. அதனால்தான் பெரும்பாலானோர் மவுன் நகரத்திலிருந்து சிறு விமானத்தில் ஒகவாங்கோ டெல்டாவுக்குள் பறக்கிறார்கள். அந்த விமானங்களில் ஒருவருக்கு வழக்கமாக 20 கிலோதான், கைப்பையும் கேமராவும் சேர்த்து. பெட்டி மெத்தென்ற பையாக இருக்க வேண்டும். நம் ஊர்ச் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள்.

விலை விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குறைந்த ஆட்கள், கூடிய கட்டணம் என்பதுதான் போட்ஸ்வானா பல காலமாகக் கடைப்பிடிக்கும் சுற்றுலாக் கொள்கை. டெல்டாவின் உள்முகாம்கள் பலவற்றில் உச்ச மாதங்களில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,000 டாலரைத் தாண்டும். சாப்பாடு, சஃபாரி, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம் என்றாலும் நால்வருக்கு, மூன்று இரவுக்கு என்று பெருக்கிப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு மூச்சு முட்டும். நமீபியாவில் அரசு முகாம்களின் கூடார இடத்திலிருந்து ஆடம்பர விடுதி வரை எல்லாப் படிகளும் இருக்கின்றன. செலவைக் குறைக்கும் வழி அங்கே உங்கள் கையில் இருக்கிறது.

எட்டோஷாவில் உட்கார்ந்து பார்ப்பது

முதுமலையிலோ டாப்ஸ்லிப்பிலோ வனத்துறை வேனில் போனவர்களுக்கு ஒன்று தெரியும்: நம் காடு எதையும் எளிதில் காட்டிக்கொடுக்காது. மூங்கிலுக்குப் பின்னால் ஒரு யானையின் முதுகு, உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு வால் அசைவு; அதோடு நேரம் முடிந்துவிடும். எட்டோஷா இதற்கு நேர் எதிர். 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பூங்கா. அதன் நடுவே சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை உப்புப் படுகை. 1907இல் ஜெர்மானியர் ஆட்சியில் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. வறண்ட மாதங்களில் குடிக்கத் தண்ணீர் படுகையின் ஓரத்து ஊற்றுகளிலும் குட்டைகளிலும் மட்டும்தான். நீங்கள் விலங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. குட்டையோரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். முதலில் ஸ்பிரிங்பொக் மான்கள், பிறகு வரிக்குதிரைகள், நெடுநேரம் தயங்கித் தயங்கிக் கால் விரித்துக் குனியும் ஒட்டகச்சிவிங்கி. யானைக் கூட்டம் வந்தால் மற்றவை தாமாகவே விலகி நிற்கும். அந்த யானைகள் சுண்ணாம்பு மண்ணை வாரிப் பூசிக்கொண்டு வெளுத்துத் தெரியும்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது பகலைவிட இரவுதான். ஓகாகுயேயோ முகாமின் எல்லையில், தாழ்வான சுவருக்கு அப்பால், விளக்கு பொருத்திய ஒரு நீர்க்குட்டை இருக்கிறது. முகாமில் தங்குகிற எவரும், கூடாரத்தில் தங்குகிறவர்களும்கூட, அங்குள்ள பெஞ்சுகளில் இரவு முழுவதும் உட்காரலாம். தனிக் கட்டணம் கிடையாது. உலகில் அருகிவரும் கறுப்புக் காண்டாமிருகத்தை இவ்வளவு அருகில், இவ்வளவு எளிதாகப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகச் சில. ஹலாலி முகாமிலும் இப்படி ஒரு குட்டை உண்டு. பூங்காவுக்குள் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். வாசலுக்கு வெளியே தங்கினால் இந்த இரவுகள் கிடைக்காது. சூரிய உதயத்துக்குத் திறந்து அஸ்தமனத்துக்கு மூடுவது பூங்காவின் வாசல் நேரம்.

குறையும் உண்டு. எட்டோஷாவில் காட்டெருமை இல்லை, நீர்யானை இல்லை, முதலை இல்லை. சொந்த வண்டியில் இருந்து இறங்க முடியாது. பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பார்த்தது என்ன பறவை, அந்த ஆண் சிங்கம் ஏன் தனியாக நிற்கிறது என்பதெல்லாம் தெரியாமலே போகும். ஒரு நாளாவது முகாமின் வழிகாட்டியோடு போகும் சஃபாரிக்குப் பணம் கட்டுங்கள்.

நமீபியா எட்டோஷாவோடு முடிவதும் இல்லை. 2013இல் உலகப் பாரம்பரியச் சின்னமான நமீப் மணற்கடல், கேப் கிராஸில் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கும் கடல்நாய்கள் (துர்நாற்றம் வெகுதூரம் வரும், குழந்தைகளை எச்சரித்துவிடுங்கள்), டமாராலாந்தின் பாலைவன யானைகள், ட்வைஃபெல்ஃபோன்டெயினின் பாறைச் செதுக்கல்கள். 2022 செப்டம்பர் 17இல் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்த முதல் எட்டுச் சிவிங்கிப்புலிகளும் இந்த நாட்டிலிருந்துதான் வந்தன. விலங்கில் அவ்வளவாக ஆர்வம் இல்லாத ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அவருக்கும் நமீபியாவில் பார்க்க ஏதாவது இருக்கும். போட்ஸ்வானாவில் அப்படிச் சொல்ல முடியாது.

ஒகவாங்கோவின் தண்ணீர்

தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த டெல்டாவை விளக்குவது சுலபம். குடகில் பெய்யும் மழை, மழை இல்லாத தஞ்சையை நனைப்பதுபோல, அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பெய்யும் மழை பல மாதம் ஊர்ந்து வந்து, போட்ஸ்வானாவின் வறண்ட காலத்தில் ஒகவாங்கோவை நிரப்புகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெள்ளம் உச்சத்தில் இருக்கும். ஆனால் காவிரிக்குக் கடல் இருக்கிறது. இந்த ஆறு கடலை எட்டுவதே இல்லை. கலஹாரி மணலிலும் வெயிலிலும் மறைந்துவிடுகிறது. 2014இல் யுனெஸ்கோவின் 1,000ஆவது உலகப் பாரம்பரியச் சின்னமாக இது சேர்க்கப்பட்டது.

இங்கே அனுபவம் வேறு வகை. மொகோரோ என்ற ஒடுக்கமான படகில், நின்றபடி கழி ஊன்றித் தள்ளும் படகோட்டியோடு, நாணலுக்கும் அல்லிக்கும் நடுவே போகிறீர்கள். எஞ்சின் சத்தம் இல்லை. கண் மட்டம் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேதான். ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைப் பார்க்க உலகின் சிறந்த இடங்களில் இதுவும் ஒன்று. வேலியில்லாத நிலம், பல ஆண்டுகள் அதே மண்ணில் வேலை செய்த வழிகாட்டி, பல தனிக் காப்பிடங்களில் சாலையை விட்டு விலகி ஓட்டும் அனுமதியும் இரவு சஃபாரியும். பார்ப்பதோடு புரிந்துகொள்ளவும் விரும்புகிறவருக்கு, ஒரு நல்ல போட்ஸ்வானா வழிகாட்டியோடு கழிக்கும் மூன்று நாள், தானே ஓட்டிச் சுற்றும் பத்து நாளைவிட அதிகம் கற்றுத்தரும். கட்டணம் ஏன் அவ்வளவு என்பதற்கு இதுவே பதில். அந்தப் பணத்துக்கு அது தகும் என்றே நினைக்கிறேன்.

அவ்வளவு செலவு முடியாது என்றால் இரண்டு வழிகள். ஒன்று, மவுனில் எளிய விடுதியில் தங்கி, உள்ளூர்ப் படகோட்டிகள் நடத்தும் ஒருநாள் மொகோரோ பயணம், டெல்டாவுக்கு மேலே சிறு விமானத்தில் ஒரு மணி நேரச் சுற்று. டெல்டாவின் உருவம் மேலிருந்து பார்த்தால்தான் விளங்கும். இரண்டு, டெல்டாவை விட்டுவிட்டு வடக்கே சோபே ஆற்றங்கரையில் உள்ள கசானேவுக்குப் போவது.

இந்தக் கசானேயைச் சென்னையில் யாரும் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். உலகிலேயே அதிக யானைகள் உள்ள நாடு போட்ஸ்வானா. 2022இல் ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்திய வான்வழிக் கணக்கெடுப்பில் அங்கே சுமார் 1,32,000 யானைகள். இந்தியாவின் எண்ணிக்கையை அதன் பக்கத்தில் வைத்தால் நமக்கு ஏக்கம் வரும். 2017 கணக்கெடுப்பில் இங்கே சுமார் 30,000. வறட்சி முற்றும் செப்டம்பர், அக்டோபரில் சோபே ஆற்றுக்குக் கூட்டம் கூட்டமாக இறங்கி வரும் யானைகளைப் படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நடக்கச் சிரமப்படும் பெற்றோர், முதுகுவலிக்காரர்கள், ஜீப்பின் குலுக்கலுக்கு அஞ்சுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் படகு சஃபாரி ஏற்றது. நகரத்திலேயே தங்கலாம், தார்ச் சாலை உண்டு, மருந்துக்கடை உண்டு. ஆற்றின் நடுவே செடுடு என்று ஒரு சிறு தீவு. நமீபியாவும் போட்ஸ்வானாவும் அதற்காக வழக்காடி, 1999இல் சர்வதேச நீதிமன்றம் அதைப் போட்ஸ்வானாவுக்குக் கொடுத்தது. யானைகள் நீந்திப் போய்ப் புல் மேய்வது அந்தத் தீவில்தான். விக்டோரியா அருவியும் இங்கிருந்து சாலை வழியே பக்கம். ஆனால் அது ஜிம்பாப்வே, விசா தனி. யானைக்கு ஏற்ற அக்டோபரில் அருவியில் தண்ணீர் மெலிந்திருக்கும்.

எந்த விடுமுறையில் போவது

நம் பள்ளி நாள்காட்டியை அங்கத்திய பருவத்தோடு பொருத்திப் பார்த்தால், காலாண்டுத் தேர்வு விடுமுறைதான் தங்கம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். இரண்டு நாடுகளிலும் விலங்குகள் தண்ணீரைச் சுற்றிச் சேர்ந்திருக்கும். வெயில் கடுமைதான், சென்னைக்காரர்களுக்கு அது புதிதில்லை. நாள்கள் போதாவிட்டால் முன்னும் பின்னும் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிடுங்கள்.

கோடை விடுமுறையின் மே மாதம் அடுத்த தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், நிலம் பசுமையாக இருக்கும், கட்டணமும் உச்சத்துக்கு ஏறியிருக்காது. புல் உயரமாக இருப்பதால் விலங்குகள் சற்று மறையும். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் குளிரைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பாலைவன இரவு உறைநிலையை நெருங்கும். திறந்த ஜீப்பில் விடியற்காலைக் காற்று எலும்பில் இறங்கும். ஊட்டிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் ஒன்று போதாது. அரையாண்டு விடுமுறையான டிசம்பரை விலங்குகளுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். மழை தொடங்கிவிடும், எங்கும் தண்ணீர் கிடைப்பதால் அவை கலைந்துபோகும். பறவை பார்ப்பவர்களுக்கு மட்டும் அது நல்ல காலம்.

சாப்பாடு

சைவக் குடும்பங்களுக்கு இது பெரிய கவலை. இரண்டுமே இறைச்சி நிறைந்த நாடுகள். போட்ஸ்வானா முகாம்களில் முன்கூட்டிச் சொன்னால் நன்றாகவே சமைத்துத் தருகிறார்கள். ஆனால் முட்டை, மீன் வேண்டுமா வேண்டாமா என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். நமீபியாவில் விண்ட்ஹூக், ஸ்வாகோப்முண்ட் பல்பொருள் அங்காடிகளில் அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் எல்லாம் கிடைக்கும். சிறிய மின்சாரக் குக்கர் ஒன்றும் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சலும் எடுத்துப்போனால் முகாமில் நிம்மதியாகச் சமைக்கலாம். அங்குள்ள மின்செருகி, நம் வீட்டில் கீசருக்குப் போடுகிற பெரிய மூன்று முள் வகை. அடாப்டரை இங்கேயே வாங்கிவிடலாம்.

யானையும் ஊரும்

வேட்டையை வெறுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இரண்டு நாடுகளிலும் பணம் கட்டி வேட்டையாடுவது சட்டப்படி நடக்கிறது. போட்ஸ்வானா 2014இல் தடை செய்தது, 2019இல் தடையை நீக்கியது. நமீபியாவில் 1996 சட்டத்துக்குப் பிறகு கிராமச் சமூகங்களே காப்பிடங்கள் அமைத்து, வனவிலங்கிலிருந்து வரும் வருமானத்தைப் பெறுகின்றன. சுற்றுலாவும் வேட்டையும் அந்த வருமானத்தில் அடக்கம். கூடலூரிலும் வால்பாறையிலும் யானையோடு வாழ்கிறவர்களின் பாட்டை அறிந்த நமக்கு அந்தக் கிராமத்தார் நிலை புரியாமல் போகாது. நான் கொடுக்கும் பணம் துப்பாக்கி இல்லாத வழியில் அவர்களிடம் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆகவே முன்பதிவுக்கு முன் விடுதியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் நிலத்தில் வேட்டை நடக்கிறதா, உள்ளூர்ச் சமூகத்துக்கு என்ன பங்கு? டமாராலாந்தில் கிராமச் சமூகங்களோடு கூட்டாக நடக்கும் விடுதிகளை இந்தக் காரணத்துக்காகவே முதலில் பார்ப்பேன்.

யாருக்கு எது

பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளோடு, வண்டி ஓட்டத் தெரிந்த இருவரோடு, இரண்டு வார விடுப்போடு போகும் குடும்பத்துக்கு நமீபியா. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. டெல்டாவின் முகாம்கள் பலவற்றில் சிறு குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு. எட்டோஷாவின் அரசு முகாம்களில் அந்தச் சிக்கல் இல்லை. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்குக் கசானே. முதுமலை, கபினி என்று பல ஆண்டு சுற்றி, விலங்கின் நடத்தையைக் கவனிக்கத் தொடங்கிவிட்ட இணையர், குழந்தைகள் வளர்ந்து தனியே போனவர்கள், கையில் சேமிப்பு இருந்தால் டெல்டாவுக்குள் பறக்கட்டும். பத்து நாளில் இரண்டு நாட்டையும் பார்த்துவிடலாம் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். பாதி நாள் சாலையிலும் எல்லைச் சாவடியிலும் போய்விடும். மூன்று வாரம் இருந்தால் எட்டோஷாவிலிருந்து வடகிழக்கே ஒடுங்கி நீளும் ஜாம்பேசிப் பகுதி வழியாகக் கசானே வரை ஓட்டிப் போகலாம். வாடகை வண்டியை எல்லை தாண்டி எடுத்துப்போக நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

சென்னையிலிருந்து இரண்டுக்கும் நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றில் மாறி, ஜோகன்னஸ்பர்க் வழியாக விண்ட்ஹூக், மவுன், கசானே போவது வழக்கமான பாதை. பயணச்சீட்டைத் துண்டு துண்டாக வாங்கினால் ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டியை வெளியே எடுக்க வேண்டிவரும். அதற்குத் தென்னாப்பிரிக்க விசா தேவை. ஒரே சீட்டாக வாங்குங்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது. சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தும் விதி இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்; போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். டெல்டா, சோபே, எட்டோஷா மூன்றுக்கும் மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் ஒப்புதல் பத்திரமும் வேண்டும். பணம் மாற்றும்போது தென்னாப்பிரிக்க ராண்டாக வாங்கினால் நமீபியாவில் அப்படியே செல்லும்.

செப்டம்பர் கடைசிக்கு எட்டோஷா முகாம் வேண்டுமானால் முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே பதிவு செய்யுங்கள். முகாம் உறுதியான பிறகு விமானச்சீட்டு, அதன் பிறகு வண்டி.